விளக்கு வைத்த பிறகு குடித்த காபி

கமலாட்சி யாரையும் நம்பமாட்டாள். அரிசிக்காரன் ஒரு பிடி கூடுதலாகப் போட்டால்கூட, "இன்னாத்துக்கு இது?" என்று கேட்டு, அந்தப் பிடியைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டிவிட்டு வருவாள். தெருவில் ஒருவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பாள். சிரிக்காமல் போனால், இவன் ஏன் இன்றைக்குச் சிரிக்கவில்லை என்று இன்னும் உற்றுப் பார்ப்பாள். அப்படி ஒரு பிறவி.

பிள்ளையார்பாளையத்தில் அவள் கால் படாத தறிவீடு கிடையாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழை தீர்ந்துபோனால், அதன் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டு இழை. ஒன்று தப்பினாலும் நெய்கிறவன் வீடு இடிந்ததுபோலக் கத்துவான். அந்த வேலைக்குக் கமலாட்சியின் விரலை விட்டால் ஆள் இல்லை என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டு, அவள் வாசலைத் தாண்டியதும் வேறொன்றும் சொல்லும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இன்றைக்குத் திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். நான் சொல்கிற காலத்தில் அந்தச் சொல் யார் வாயிலும் இல்லை. இருந்த சொற்களை எழுத எனக்கு மனம் வரவில்லை, விடுங்கள். தறிக்காரர் சபாபதிக்கு மகனாகப் பிறந்து, முனுசாமி என்று பெயர் வைக்கப்பட்டு, பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி, சேலை கட்டிக் கமலாட்சி ஆனவள் அவள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தைந்து.

நம்பாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா ஒருத்தி இப்படி ஆகிவிடுவாளா? அதற்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் அவளைப் போன்ற பதினோரு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் கண்ணாடி போட்ட ஒருவன் வந்தான். பொங்கலுக்குச் சேலையும் அரிசியும் தருகிறோம் என்றான். தங்கமான பேச்சு. ஒவ்வொருத்தியின் பெயர், பெற்றவர்கள் வைத்த பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். கமலாட்சி முந்திக்கொண்டு போய்த் தெருப் பெயரோடு சொன்னாள். ஒரு வாரத்தில் வேன் வந்தது. அதே நோட்டு, அதே கையெழுத்து. பிடித்திருந்தது மட்டும் வேறு கை. பதினோரு தலையையும் மொட்டையடித்து, பத்து விரல் ரேகையையும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். ஊருக்கு ஒரு கடுதாசியும் போனது. அதைத் தபால்காரன் நடுத்தெருவில் நின்று உரக்கப் படித்தான். சபாபதி சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய் முழுகி எழுந்தார். "என் புள்ள செத்துட்டான்" என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வந்து தறியில் உட்கார்ந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கமலாட்சி ஊருக்கே திரும்பினாள்.

"பேர் எழுதறவன் எவனும் நல்லவன் இல்ல." இது அவள் வீட்டுச் சட்டம்.

அந்த வீட்டில் அவளோடு சேர்த்து ஏழு பேர். கடைக்குட்டி வடிவு, இருபத்திரண்டு வயது. போன வருஷம் திருவிழாக் கூட்டத்தில் சும்மா நின்றவளைப் பிடித்துக்கொண்டு போய், வாராவாரம் சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கோர்ட்டு உத்தரவு ஒன்றும் கிடையாது. கையெழுத்து என்பது பேச்சுக்குத்தான். போனால் ஸ்டேஷனைப் பெருக்க வேண்டும், தொட்டி கழுவ வேண்டும், அவர்கள் அடிக்கிற கிண்டலுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி வடிவு சாப்பிடமாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கமலாட்சி அவளைத்தான் திட்டுவாள்.

எமர்ஜென்சி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால்கூட யாருக்குச் சைகை காட்டுகிறான் என்று ஜனங்கள் யோசித்த நேரம். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், குடையும் துணிப்பையுமாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"கமலாட்சியம்மா வீடு இதுங்களா?"

அம்மாவாம்! கமலாட்சிக்கு அப்போதே உறுத்தியது. அவளை அம்மா என்று கூப்பிட்ட வெளியாள் ஒருவனும் அதுவரை கிடையாது.

"நீங்க யாரு?"

"பேரு அப்பாண்டை. இதோ, திருப்பருத்திக்குன்றந்தான். எம்.எல்.ஏ. தணிகாசலம் இருக்காரு இல்ல, முசரவாக்கத்துக்காரரு, அவராண்ட எழுத்து வேலை பாத்துக்கினு இருக்கறேன். மத்தியானமே வந்திருக்கணும். மெட்ராஸ் பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சு."

திருப்பருத்திக்குன்றம் என்றால் சமணக் குடும்பங்கள், நயினார்கள். வேகவதியைத் தாண்டினால் ஊர். அவர்களைப் பற்றித் தெரியாதவர் பிள்ளையார்பாளையத்தில் யார்? ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்த சட்டை, மழையில் பாதி நனைந்திருந்தது. கமலாட்சி உள்ளே வரச் சொன்னாள். வெளியே நிற்கவைத்தால் தெரு பார்க்கும் என்பதுதான் காரணம்.

"எம்.எல்.ஏ.வுக்கு எங்களாண்ட இன்னாபா வேலை? எங்க எவளுக்கும் ஓட்டு கிடையாதே" என்றாள்.

அப்பாண்டை பாயில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். சட்டசபையில் ஒரு நாள் ஒரு உறுப்பினர் இன்னொரு கட்சிக்காரரை மட்டம்தட்ட, அந்தச் சொல்லை எடுத்து வீசினார். எந்தச் சொல் என்று கமலாட்சிக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் ஒரே சிரிப்பு. தணிகாசலம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். ஆளுங்கட்சியில் இரண்டு பேர், எதிர்க்கட்சியில் ஒருவர், சுயேச்சையாக லோகாம்பாள் என்று ஓர் அம்மாள். அவரோடு சேர்த்து ஐந்து பேர். புதன்கிழமைதோறும் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் அவர் அறையில் கூடுகிறார்கள்.

"கதவைச் சாத்தினா சந்தேகம் வரும்னு தொறந்தே வெச்சிருப்பாங்க. நடுவுல சீட்டுக்கட்டைப் பரப்பி வெச்சுக்கினு பேசுவாங்க. பாக்கறவங்களுக்கு ரம்மி ஆடற மாதிரி இருக்கும்."

"நல்லா இருக்குது! சீட்டாடறவங்களா எங்களுக்கு நியாயம் வாங்கிக் குடுக்கப் போறாங்க?"

வடிவு களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாண்டையும் சிரித்தார்.

"ஒருத்தரு மட்டும் எழுந்து பேசினா, நீயும் அப்படியான்னு கேட்டு அவரையே சிரிச்சு உக்கார வெச்சிடுவாங்கமா. அதனால அஞ்சு பேரும் ஒண்ணா எழுந்திரிக்கறதுன்னு முடிவு. ஆனா எழுந்திரிக்க ஒரு காகிதம் வேணும். உங்க மாதிரி இருக்கறவங்க குடுத்த மனு. கோர்ட்டு உத்தரவு இல்லாம ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவங்கவங்க பேருல ரேஷன் கார்டு வேணும். ரெண்டே ரெண்டு கோரிக்கை. சபையோட மனுக்கள் குழு ஆளனுப்பி விசாரிக்கும். விசாரிச்சு உண்மைன்னு எழுதிட்டா, அப்புறம் எவனும் சிரிக்க முடியாது."

ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் வடிவு தரையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து முன்னால் வந்தாள்.

"அதுக்கு நாங்க இன்னா பண்ணணும்?" என்றாள் கமலாட்சி.

"பேரு, விலாசம், கைநாட்டு. ஏழு பேருதும்."

கமலாட்சிக்குத் தலைமுடியெல்லாம் எழுந்து நின்றது. அன்றைக்கு மழித்துப் போட்ட முடி. பேர், விலாசம், ரேகை! நோட்டுக்குப் பதில் மனு. சேலைக்குப் பதில் ரேஷன் கார்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்க எம்.எல்.ஏ. மட்டும் ஏன் சிரிக்கல?"

"நான் கேக்கல. அவரும் சொல்லல."

"நீங்க ஏன் இந்த மழையில வந்தீங்க?"

"எழுதறது என் வேலை" என்றார் அப்பாண்டை.

இதெல்லாம் ஒரு பதிலா? நல்லவனாக இருந்தால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டானா? கமலாட்சி எழுந்து விளக்கை ஏற்றினாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. வந்தவரிடம் காபி வேண்டுமா என்று கேட்பது அவள் வழக்கம். அது உபசாரம் இல்லை, பரீட்சை. தங்கமாகப் பேசுகிறவர்கள் எல்லாம் டம்ளரைக் கண்டால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். அதோடு அவர்கள் கதை தீர்ந்தது. ஆனால் இந்த மனிதர் விஷயத்தில் அவளே ஒரு சலுகை வைத்திருந்தாள். நயினார்கள் பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் போடமாட்டார்கள். ஊரறிந்த சங்கதி. ஆகவே இவர் வேண்டாம் என்றால் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் காபியை நீட்டினாள்.

அப்பாண்டை டம்ளரைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு வாங்கி, சூடு என்றும் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுமா" என்றார்.

கமலாட்சி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். நயினாராவது! விளக்கு வைத்த பிறகு காபி குடிக்கிற நயினாரை இந்தக் காஞ்சிபுரத்தில் எவன் கண்டிருக்கிறான்? வேஷம் போடத் தெரிந்தவனுக்கு விரதம் தெரியவில்லை. ஆள் போலீஸ்தான், சந்தேகமே இல்லை. பாவம் அந்த மனுஷர். குடிக்காமல் இருந்திருந்தாலும், சலுகையாவது ஒன்றாவது, நாலு நாள் போனால் வேறு ஏதாவது சொல்லிச் சந்தேகப்பட்டிருப்பாள். குடித்ததால் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

முடியாது என்று சொன்னால் நாளைக்கு வேன் வரும். அதனால் சிரித்த முகத்தோடு, "எழுதிக்கோங்க" என்றாள். கமலாட்சி என்பது கூப்பிடுகிற பேர், சரியான பேர் ரங்கநாயகி, இது அறுபத்தோராம் நம்பர் என்றாள். சுலோசனா, அறுபத்து மூன்று. அவள் சொன்ன தெருவில் மொத்தமே நாற்பத்திரண்டு வீடு. அப்பாண்டை ஒன்றையும் சந்தேகிக்காமல் முத்து முத்தாக எழுதினார். தன் முறை வந்ததும் வடிவு கமலாட்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"யக்கா, என் பேரையாச்சும் நெசமா எழுத வுடுக்கா. இவரு நல்லவராத்தான் தெரியறாரு. சனிக்கிழமை போவாம இருந்தா போதும்க்கா எனக்கு."

"வாயை மூடுடி. நல்லவன் மாதிரி தெரியறவன்தான் நோட்டு எடுத்துக்கினு வருவான்."

வடிவு ராஜாமணி ஆனாள். மனுவையும் மை டப்பாவையும் அடுப்பங்கரைக்கு வாங்கிக்கொண்டு போய், ஏழு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, கை விரலுக்குப் பதில் கால் கட்டைவிரலை அழுத்தச் சொன்னாள் கமலாட்சி. கைரேகை பழைய ரேகையோடு ஒத்துப்போகும். கால் ரேகையை எவன் எடுத்து வைத்திருக்கிறான்? எப்படி மூளை! அப்பாண்டை அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கார்த்திகை பாதியில் ஒரு சர்க்கார் ஆள், கையில் பட்டியலோடு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கமலாட்சி ஒரு தறிவீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயும் வந்தார்.

"ரங்கநாயகின்னு யாராவது இருக்காங்களா? அறுபத்தொண்ணாம் நம்பர்?"

"இந்தத் தெருவுல நாப்பத்திரண்டு வீடுதாங்க."

"சுலோசனா? ராஜாமணி?"

"கேள்விப்பட்டதே இல்லீங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை மாதிரி ஆளுங்க வேற யாரும் இங்க இருக்காங்களா? சட்டசபைக்கு மனு ஏதாவது குடுத்தீங்களா?"

"நான் ஒருத்திதாங்க. கூலிக்காரி. மனுவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

அவர் குறித்துக்கொண்டு போனார். கமலாட்சிக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, பட்டியல் திரும்பி வந்ததா இல்லையா! அன்று சாயங்காலம் வீட்டில் வடை சுட்டாள். "நான் மட்டும் ஏமாந்திருந்தேன்னா இந்நேரம் ஏழு தலையும் மொட்டை" என்று ஆளுக்கு நாலு வடை போட்டாள்.

வடிவு வடையைத் தொடவில்லை. "ஏன்க்கா, ஒண்ணு கேக்கறேன். அந்தாளு போலீசா இருந்தா, நம்ம வூடு அவருக்குத் தெரியுமே. இங்க வந்துதானே காபி குடிச்சாரு. நேரா இங்க வராம, இல்லாத நம்பரைத் தேடிக்கினு ஏன் தெருத்தெருவா அலையணும்?"

கமலாட்சி வாயில் வைத்த வடையை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "பேசாம துன்னு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பத்து நாள் அவள் கைக்கு வேலை ஓடவில்லை. இழைகள் தப்பின. ஒரு தறிக்காரர், "கமலாட்சி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டேவிட்டார்.

மார்கழியில் ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் வேகவதியைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் போனாள். அங்கே அப்பாண்டை என்று ஒருவரும் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனசு ஆறிவிடும். கோயிலுக்குப் பக்கத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டாள்.

"எந்த அப்பாண்டை? எங்க ஊருல மூணு பேரு இருக்காங்க. எம்.எல்.ஏ. கிட்ட இருக்கறவரா? அதோ, அந்தப் பச்சைக் கதவு."

பச்சைக் கதவு வீட்டில் அவர் மனைவி கனகமாலா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கமலாட்சியைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையார்பாளையமா? விளக்கு வெச்சப்புறம் காபி குடிச்சாரே, அந்த வீடா?"

"ஆமாங்க" என்றாள் கமலாட்சி.

"உள்ள வாங்க, உக்காருங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல, இருந்தாலும் கேக்கறேன், கொஞ்சம் முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதா? சின்ன வயசுல எடுத்த விரதம்மா. கட்டிக்கினு வந்த நாளா பாக்கறேன், பொழுது சாஞ்சா பச்சைத்தண்ணி படாது வாயில. ஜுரம் வந்தப்பகூட மாத்திரை முழுங்கல. அன்னிக்கு வந்தவரு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. அதுக்குப் பரிகாரமா இப்ப அஷ்டமி, சதுர்த்தசி வந்தா முழு உபவாசம். இன்னும் ஒரு வருஷத்துக்கு."

"ஏன் குடிச்சாராம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேணாம்னு சொன்னா, அந்தம்மா கையால வாங்கிக் குடிக்கமாட்டேன்னு நெனைச்சுக்குவாங்க. எங்க வழக்கத்தை எடுத்துச் சொல்லிப் புரியவெக்கறதுக்குள்ள காபி ஆறிடும்'னாரு. அவரு அப்படித்தான்."

கமலாட்சி எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பாண்டைதான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். மனு தள்ளுபடி ஆயிடுச்சுமா. விசாரிச்சதுல ஏழு பேருமே இல்லாத ஆளுங்கன்னு எழுதிட்டாங்க. இல்லாத ஆளுங்களுக்கு அஞ்சு எம்.எல்.ஏ.வான்னு மறுபடியும் ஒரே சிரிப்பு. ரெண்டு பேரு இனிமே சீட்டாட வரலன்னுட்டாங்க. எல்லாம் என் தப்பு. கதவு நம்பரை நான் சரி பாத்திருக்கணும்."

"நம்பரு தப்பில்ல நயினாரே. அத்தினியும் பொய்யி." கமலாட்சி நின்றபடியே கொட்டினாள். "பேரும் பொய்யி, வூடும் பொய்யி. ரேகைகூடக் கால் கட்டைவிரலு."

அப்பாண்டை குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, "அதானா ஒவ்வொண்ணும் அவ்ளோ பெருசா இருந்துச்சு?" என்றார்.

கனகமாலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமலாட்சிக்கு அழுகை வந்துவிட்டது. மொட்டையடித்த அன்றுகூட அழாதவள்.

"இருட்டினா சாப்பிடமாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி மனுசா!"

"உங்களுக்கு எங்க வழக்கம் தெரியாதுன்னு நெனைச்சேன்மா."

"தெரியும். தெரிஞ்சதாலதான் உங்களை நம்பல."

அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெயில் மதில் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கமலாட்சி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காயிதம் எடுங்க. சீட்டாடறவங்க மிச்சம் மூணு பேரு இருக்காங்க இல்ல? எழுதுங்க. கமலாட்சி. தகப்பன் பேரு சபாபதி" என்றாள்.

"தகப்பனார் பேரு வேணாம்மா. உங்க பேரும் விலாசமும் போதும்."

"எழுதுங்கன்றேன்."

"அதெல்லாம் அப்புறம் எழுதலாம்" என்று உள்ளேயிருந்து கனகமாலா குரல் கொடுத்தாள். "பொழுது போவுது. முதல்ல ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

மூன்று இலை போட்டிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தார்கள். விளக்கு வைத்த பிறகு எழுதினார்கள். மறுநாள் அப்பாண்டை பிள்ளையார்பாளையத்துக்கு வந்து மற்ற ஆறு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். இந்தத் தடவை கைவிரல் ரேகை.

அந்த மனு சபைக்குப் போகவில்லை. தை பாதியில் சட்டசபையே கலைந்துவிட்டது. தணிகாசலம் முசரவாக்கத்தில் கிணற்றுக்கு மோட்டார் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லோகாம்பாள் அம்மாள் ஊருக்குப் போய்விட்டாள். ஹாஸ்டல் அறையைக் காலி செய்தபோது மிஞ்சியது அந்தச் சீட்டுக்கட்டுதான் என்றும், அதிலும் இரண்டு சீட்டு குறைந்தது என்றும் அப்பாண்டை வந்து சொன்னார். மனுவைக் கமலாட்சியிடமே திருப்பிக் கொடுத்தார். "மறுபடி சபை வந்தா தேவைப்படும், பத்திரமா வெச்சிருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. வடிவு வழக்கம்போல் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பேரையாச்சும் நெசமா எழுத வுடுக்கா என்று இதே அடுப்பங்கரையில் அவள் கெஞ்சியது கமலாட்சியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் திட்டவில்லை.

மறுநாள் காலையில் வடிவு கிளம்பியபோது கமலாட்சியும் கூடவே கிளம்பினாள். ஸ்டேஷனில் ரைட்டர் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"நீ எதுக்கு வந்தே?"

"இவ எந்தக் கோர்ட்டு உத்தரவுல வர்றாளோ, அதுலதான் நானும் வர்றேன். எழுதிக்கோங்க."

"பேரு?"

பேனா பிடித்த மனிதன், விரித்த நோட்டு. "கமலாட்சி" என்றாள். "தகப்பன் பேரு சபாபதி. பிள்ளையார்பாளையம்." கதவு நம்பரையும் சொன்னாள். கேட்காமலேயே கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். வடிவு ஒரு துடைப்பத்தை எடுத்தாள். கமலாட்சி இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் போனார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை ஏழு பேர். ஏழு பேரும் வரிசையாக நின்று பேரும் விலாசமும் சொல்ல, ரைட்டருக்கு எழுதிக் கை ஓய்ந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். உத்தரவு எண் என்று இருந்த இடம் ஏழு வரியிலும் காலியாக இருந்தது. மேலே இருக்கிறவர்கள் யாராவது நோட்டைக் கேட்டால் இந்த ஏழு காலி இடத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முகம் கறுத்துப்போய், "போங்க, போங்க. இனிமே யாரும் வர வேணாம். அந்தப் பொண்ணும் வர வேணாம்" என்றார்.

கமலாட்சி நம்புவாளா? அடுத்த சனிக்கிழமையும் தனியாகப் போய் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம் மத்தியானம் வரைக்கும் நின்று, யாரும் யாரையும் தேடவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். "நெசந்தான்டி போலிருக்குது" என்றாள் வடிவிடம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வடிவு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அப்பாண்டை பிறகும் வந்துபோய்க்கொண்டிருந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் கமலாட்சி மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவாள். பஸ் தாமதமாகி விளக்கு வைத்த பிறகு வந்து நின்றாரோ, போச்சு. உட்காரச் சொல்வாள், விசிறுவாள், ஊர்க்கதை பேசுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கமாட்டாள்.